சிக் ரூம் மிட்டாய் டப்பா

பொறுமையைப் பற்றிப் பேசுங்கள் என்று என்னைக் கூப்பிட்டிருக்கிறார்கள். அழைப்பிதழிலும் அப்படித்தான் அச்சடித்திருக்கிறது, பொறுமையும் தொண்டும் என்று. அதை அச்சுக்குக் கொடுத்தவர் என்னோடு ஒரு நாள்கூட வேலை பார்த்திருக்க மாட்டார். என்னைத் தெரிந்தவர்கள் இந்நேரம் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்துக்கொண்டிருப்பார்கள். மன்னார்புரத்தில் பஸ்ஸை விட்டு இறங்கி இந்த ஹாலுக்கு வருவதற்குள் ஓர் ஆட்டோக்காரரோடு சண்டை போட்டுவிட்டுத்தான் வந்திருக்கிறேன்.

நீங்கள் எல்லோரும் பள்ளிக்கூடங்களுக்கு நர்ஸாகப் போகப் போகிறவர்கள். ஆஸ்பத்திரி வார்டில் நம்மைச் சுற்றி நம் ஆட்கள் இருப்பார்கள். ஒரு குரல் கொடுத்தால் நாலு பேர் ஓடி வருவார்கள். பள்ளிக்கூடத்தில் நீங்கள் ஒரே ஆள். டாக்டர் போனில்தான் கிடைப்பார், அதுவும் எடுத்தால். உங்களைச் சுற்றி இருக்கிறவர்கள் படித்தவர்கள், நல்லவர்கள், பிள்ளைகள்மேல் அக்கறை உள்ளவர்கள். அவர்கள்தான் எதற்கெடுத்தாலும் "வேண்டாம் சிஸ்டர்" என்பார்கள். அந்த வேண்டாமை வைத்துக்கொண்டு என்ன செய்வது என்று எந்த நர்சிங் காலேஜிலும் சொல்லிக் கொடுப்பதில்லை. எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன்.

நான் கடைசியாக வேலை பார்த்தது ஸ்ரீரங்கத்தில் ஒரு பெண்கள் பள்ளி. பெயர் வேண்டாம். மாடிப்படிக்குக் கீழே ஓர் அறை, வாசலில் "சிக் ரூம்" என்று பலகை. நான் போன அன்று உள்ளே உடைந்த கேரம் போர்டு, ஆண்டுவிழாவுக்குச் செய்த தெர்மாகோல் மயில், அதற்கு அடியில் ஒரு கட்டில். அந்த வாரமே மயிலைத் தூக்கி வெளியே வைத்தேன். டிராயிங் டீச்சர் வெகுநாள் என்னோடு முகம் கொடுத்துப் பேசவில்லை. பரவாயில்லை, கட்டில் கிடைத்தது.

கட்டிலுக்கு ஆள் வராமல் இருந்ததே இல்லை. கணக்குப் பரீட்சை அன்று வரும் வயிற்றுவலி, காலையில் சாப்பிடாமல் வந்த தலைசுற்றல், கொசுக்கடி, காதலால் வந்த தலைவலி. யாருக்கு மாத்திரை, யாருக்குத் தூக்கம், யாருக்கு ஒரு டம்ளர் தண்ணீரும் நாலு வார்த்தையும் என்று பார்த்தவுடன் தெரிந்துவிடும். உங்களுக்கும் சீக்கிரமே தெரிந்துவிடும், அதையெல்லாம் நான் வகுப்பெடுக்க வேண்டியதில்லை.

ஒரு நாள் மதியம் எச்.எம். ரூமிலிருந்து அவசரமாகக் கூப்பிட்டார்கள். போனால், மேஜைமேல் ஒரு பென்சில் பவுச் திறந்து கிடந்தது. பக்கத்தில் கணக்கு டீச்சர் கையைக் கட்டிக்கொண்டு நின்றார். சுவரோரம் ஒரு பெண், ஒன்பதாம் வகுப்பு, இரட்டைச் சடை, நெற்றியில் மெல்லிய ஸ்ரீசூர்ணக் கோடு. பெயர் வேதவல்லி. வேதா என்று கூப்பிடுவார்கள். தினமும் சாப்பாட்டு மணி அடித்ததும் இவள் இந்தப் பவுச்சை எடுத்துக்கொண்டு பாத்ரூமுக்குப் போகிறாள் என்று கணக்கு டீச்சர் கவனித்திருக்கிறார். செல்போன் என்று நினைத்துப் பிடுங்கிப் பார்த்தால் உள்ளே ஊசி. இப்போது எந்தப் பள்ளிக்கூடத்திலும் ஊசி என்றாலே போதை மருந்து ஞாபகம்தான் முதலில் வரும். எச்.எம். முகம் வெளிறிப் போயிருந்தது.

யார் கொடுத்தார்கள் என்று கேட்டிருக்கிறார்கள். பதில் இல்லை. அப்பாவைக் கூப்பிடவா, போலீசைக் கூப்பிடவா என்று கேட்டிருக்கிறார்கள். அதற்கும் பதில் இல்லை. கண்ணில் ஒரு சொட்டுத் தண்ணீர் கிடையாது. ஆபீஸ் ஆட்கள் இரண்டு பேர் வாசலில் கழுத்தை நீட்டிக்கொண்டிருந்தார்கள். நான் முதலில் கதவைச் சாத்தினேன். ஒரு பிள்ளையின் பையிலிருந்து எது கிடைத்தாலும் சரி, முதலில் கதவு, அப்புறம்தான் கேள்வி.

பவுச்சில் இருந்தது இன்சுலின் பேனா. பார்த்ததும் தெரிந்துவிட்டது. "மேடம், இது போதையுமில்ல ஒண்ணுமில்ல. இந்தப் பொண்ணுக்கு சுகர்" என்றேன். அதுவரை கல் மாதிரி நின்றவள் அந்த வார்த்தையைக் கேட்டதும் முகத்தை மூடிக்கொண்டு அழ ஆரம்பித்துவிட்டாள். போதைக்காரி என்று பேர் வாங்கத் தயாராக இருந்தவளுக்கு சுகர்க்காரி என்று பேர் வாங்க மனமில்லை.

எங்கே வைத்துப் போட்டுக்கொள்கிறாய் என்று கேட்டேன். பாத்ரூமில் என்றாள். பள்ளிக்கூடத்துப் பாத்ரூம் எப்படி இருக்கும் என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டாம். தாழ்ப்பாள் கிடையாது. ஒரு காலால் கதவை முட்டுக் கொடுத்துக்கொண்டு, அந்த நாற்றத்தில் நின்று, வயிற்றில் தானே ஊசி குத்திக்கொண்டிருக்கிறாள். எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அளவே இல்லை.

அவள் அம்மா வந்தார். உத்திர வீதியில் வீடு, மெலிந்த உடம்பு, வந்த வேகத்தில் மூச்சு வாங்கியது. மகளுக்கு என்ன ஆயிற்று என்று கேட்கவில்லை, யார் யாருக்குத் தெரியும் என்றுதான் முதலில் கேட்டார். அப்புறம் என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"ஆத்து மனுஷாளுக்கே இது தெரியாது சிஸ்டர். நாளைக்கு இவளுக்கு வரன் பாக்கணும். சுகர்னு தெரிஞ்சா யார் வருவா, சொல்லுங்கோ."

அந்த அம்மாளைத் திட்ட வேண்டும் போல இருந்தது. திட்டவில்லை. ஊர் வாய்க்குப் பயந்து பயந்தே பாதி உடம்பு கரைந்தவர் என்று பார்த்தாலே தெரிந்தது. நாளை முதல் வேதா என் சிக் ரூமில் வந்து ஊசி போட்டுக்கொள்ளட்டும் என்று மட்டும் சொன்னேன். உடனே எச்.எம். குறுக்கிட்டார். அவர் கெட்டவர் கிடையாது. ஆனால் பயந்த மனுஷி, பஞ்சாயத்து என்றாலே ஒதுங்கிப் போகிறவர். ஸ்கூலில் ஊசி என்கிற பேச்சே வேண்டாம், ஏதாவது ஆனால் கரஸ்பாண்டன்ட் என்னைத்தான் கேட்பார், இத்தனை நாள் எப்படிப் போட்டுக்கொண்டாளோ அப்படியே போட்டுக்கொள்ளட்டும் என்றார்.

"சரிங்க மேடம்" என்றேன். "பொண்ணு கக்கூஸ்ல நின்னுதான் ஊசி போட்டுக்கணும்னு ஒரு பேப்பர்ல எழுதி சீல் வச்சுக் கொடுத்துடுங்க. நான் ஃபைல் பண்ணிக்கிறேன்."

எச்.எம். என்னைப் பார்த்தார், மேஜைமேல் இருந்த சீலைப் பார்த்தார், மறுபடி என்னைப் பார்த்தார். மறுநாள் சாப்பாட்டு மணிக்கு வேதா சிக் ரூமுக்கு வந்தாள். இந்த வித்தையை நீங்களும் கற்றுக்கொள்ளுங்கள். வேண்டாம் என்று வாயால் சொல்வது சுலபம், அதையே கையெழுத்துப் போட்டுச் சொல்லச் சொன்னால் பாதிப் பேர் பின்வாங்கிவிடுவார்கள். மீதிப் பாதியைப் பற்றிப் பின்னால் சொல்கிறேன்.

அம்மாவுக்குக் கொடுத்த வாக்கு, பள்ளியில் வேறு யாருக்கும் சொல்ல மாட்டோம் என்பது. நான் அதற்கு ஒரு நிபந்தனை போட்டேன். வகுப்பில் ஒரே ஒரு தோழிக்காவது தெரிந்திருக்க வேண்டும், யார் என்று வேதாவே சொல்லட்டும் என்றேன். அவள் ஷமீமா பெயரைச் சொன்னாள். பாலக்கரையிலிருந்து பஸ்ஸில் வருகிற பெண், வகுப்பில் அவள் பக்கத்து இருக்கை. வேதாவுக்குக் கை நடுங்கினால், வியர்த்தால், பேச்சு தடுமாறினால் ஓடி வந்து என்னிடம் சொல்ல வேண்டும் என்று ஷமீமாவுக்குச் சொல்லிக் கொடுத்தேன். சர்க்கரை ஏறினால் மெல்லத்தான் உடம்பைக் கெடுக்கும், இறங்கினால் பெஞ்சில் உட்கார்ந்திருக்கும்போதே ஆளைச் சாய்த்துவிடும். அந்தப் பெண் கண்ணை விரித்துக் கேட்டுக்கொண்டது.

இறங்கினால் உடனே வாயில் போட இனிப்பு வேண்டும். நம் பள்ளிக்கூடங்களில் ஒரு நல்ல பழக்கம் உண்டு. பிறந்தநாள் என்றால் அந்தப் பிள்ளை கலர் டிரஸ்ஸில் வரும், தட்டில் மிட்டாயோடு ஒவ்வொரு டீச்சராகத் தேடிப் போகும். சிக் ரூமுக்கும் வரும். எனக்கு ஒன்று, டப்பாவுக்கு ஒன்று என்று நான் வாங்க ஆரம்பித்தேன். பழைய பிஸ்கட் டப்பா, அடியில் ஒரு குளுக்கோஸ் பவுடர் பாக்கெட், மேலே மிட்டாய். எதற்கு என்று யாரிடமும் சொல்ல முடியாது. ஸ்டாஃப் ரூமில் எனக்கு மிட்டாய் சிஸ்டர் என்று பேர் வைத்துவிட்டார்கள். வயசான காலத்தில் இந்த அம்மாவுக்கு ஆசையைப் பார் என்று என் காதுபடவே சிரிப்பார்கள். சிரித்துவிட்டுப் போகட்டும் என்று விட்டுவிட்டேன். வேதாவுக்குத் தெரியும், டப்பா யாருக்கு என்று.

அப்படியே ஒரு வருடத்துக்கு மேல் ஓடியது. அவள் பத்தாம் வகுப்புக்கு வந்தாள். சொன்னதைத் தட்டாத பிள்ளை. ஊசி நேரம் தவறாது, டீச்சர் சொன்னால் அப்படியே செய்வாள், அம்மா சொன்னால் அப்படியே மறைப்பாள். எல்லோரும் அவளை மெச்சுவார்கள். எனக்கு அடங்காத பிள்ளைகளைப் பற்றிக் கவலை கிடையாது, அவர்கள் கத்தியாவது தங்களுக்கு வேண்டியதை வாங்கிக்கொள்வார்கள். சொன்னதையெல்லாம் கேட்கிற பிள்ளைகளை நினைத்தால்தான் எனக்குத் தூக்கம் வராது.

பப்ளிக் எக்ஸாமுக்கு முன்னால் ரிவிஷன் டெஸ்ட் நடந்துகொண்டிருந்த சமயம். மதியம் வேதா வந்தாள், ஊசி போட்டுக்கொண்டாள், டிபன் டப்பாவோடு மரத்தடிக்குப் போனாள். மணி அடித்ததும் சாப்பிட்டாயா என்று கேட்டேன். காலி டப்பாவைத் திறந்து காட்டினாள். பிற்பகலில் ஷமீமா செருப்பில்லாமல் ஓடி வந்தாள்.

"நர்ஸ் மிஸ், வேதா என்னமோ மாதிரி சிரிக்கிறா."

மிட்டாய் டப்பாவை எடுத்துக்கொண்டு ஓடினேன். மாடிப்படி ஏறும்போதே மேலே கூச்சல் கேட்டது. கணக்கு டீச்சர் வகுப்பு. வேதா காரணமில்லாமல் சிரித்திருக்கிறாள், அவர் எழுந்து நில் என்றிருக்கிறார், எழுந்தவள் அப்படியே பெஞ்சில் சரிந்திருக்கிறாள். நான் போனபோது வியர்வையில் சட்டையெல்லாம் நனைந்து, கண் பாதி மூடி, கூப்பிட்டால் ம் என்று மட்டும் முனகினாள். கீழே ஒருக்களித்துப் படுக்க வைத்து, டப்பாவின் அடியிலிருந்து குளுக்கோஸ் பாக்கெட்டைப் பிரித்தேன்.

கணக்கு டீச்சர் என் கையைப் பிடித்துக்கொண்டார். "சிஸ்டர், என்ன பண்றீங்க? சுகர் இருக்கிற பொண்ணுக்குப் போய் சர்க்கரையா?"

வகுப்பு முழுக்கக் கேட்டது. ஒரு வருடத்துக்கு மேல் பொத்தி வைத்த ரகசியம் அந்த ஒரு கேள்வியில் போயிற்று. அவர்மேல் தப்புச் சொல்ல மாட்டேன், ஊரில் பாதிப் பேர் அப்படித்தான் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். அதற்குள் எச்.எம். மூச்சிரைக்க வந்து நின்றார். வேண்டாம் சிஸ்டர், அவங்க அம்மா வரட்டும், டாக்டரைக் கேட்போம், நாமாக எதையும் கொடுக்க வேண்டாம் என்றார். நூற்றியெட்டுக்குப் போன் பண்ணச் சொல்லிவிட்டு டீச்சரின் கையை உதறினேன்.

"ஏதாவது ஆச்சுன்னா யார் சிஸ்டர் பொறுப்பு?" என்றார் எச்.எம்.

"நான்தான்" என்றேன்.

உங்களுக்கும் இந்தக் கேள்வி வரும். கேட்கிறவர்கள் பெரும்பாலும் பதிலை எதிர்பார்த்துக் கேட்பதில்லை, உங்களை நிறுத்துவதற்காகக் கேட்பார்கள். தெரிந்த வேலை என்றால் நான்தான் என்று சொல்லிவிட்டுக் குனிந்து வேலையைப் பாருங்கள். தெரியாத வேலை என்றால் அப்படிச் சொல்லாதீர்கள், அது திமிர். மயக்கத்தில் இருக்கிற பிள்ளைக்கு மிட்டாயோ தண்ணீரோ கொடுத்தால் தொண்டையில் போய் அடைத்துக்கொள்ளும். பவுடரைச் சொட்டுத் தண்ணீரில் குழைத்து, கன்னத்துக்கு உள்பக்கம் விரலால் கொஞ்சம் கொஞ்சமாகத் தடவினேன். ஷமீமா அவள் காலைப் பிடித்துக்கொண்டு வாய்க்குள் எதையோ ஓதிக்கொண்டிருந்தாள். அப்புறம் வேதா விழுங்கினாள். கண்ணைத் திறந்து, எல்லோரும் ஏன் நிற்கிறீர்கள் என்கிற மாதிரி பார்த்தாள்.

ஆம்புலன்ஸ் வரும்போது எழுந்து உட்கார்ந்துவிட்டாள். மதியம் என்ன சாப்பிட்டாய் என்று கேட்டேன். தலையைக் குனிந்துகொண்டாள். அன்று ஏகாதசி. பரீட்சை நல்லபடியாக எழுத வேண்டும் என்று பெருமாளுக்கு நேர்ந்துகொண்டிருக்கிறாள். அம்மா விரதம் இருந்தாலும் மகள் இருக்கக் கூடாது என்று உப்புமா கட்டிக் கொடுத்திருக்கிறார். அதை இவள் கேட்டுக்கு வெளியே நின்ற பசுமாட்டுக்கு வைத்துவிட்டாள்.

"அப்ப ஊசியை ஏன்டி போட்டுக்கிட்ட?"

"ஊசி தப்பக் கூடாதுன்னு டாக்டர் சொன்னார். விரதம் தப்பக் கூடாதுன்னு நான் பெருமாள்கிட்ட சொன்னேன். ரெண்டு பேர் பேச்சையும் மீறக் கூடாதேன்னு..."

அடிக்கவும் முடியவில்லை, அழவும் முடியவில்லை. இரண்டு பேர் பேச்சையும் கேட்டு உயிரை விடப் பார்த்த பிள்ளையை என்ன செய்வது. அன்றிலிருந்து அவள் சாப்பாடு என் மேஜையில், என் கண் முன்னால்தான்.

மறுநாள் எச்.எம். ரூமில் மறுபடி கூட்டம். வகுப்பு முழுக்கத் தெரிந்துவிட்டதே என்று அம்மா அழுத கண்ணோடு உட்கார்ந்திருந்தார். இனி வேதா வீட்டிலேயே இருந்து படிக்கட்டும், பரீட்சைக்கு மட்டும் வரட்டும் என்று இருவரும் பேசி முடித்துவிட்டார்கள். எல்லோருக்கும் நல்லது என்றார் எச்.எம். எனக்குச் சொல்லத்தான் கூப்பிட்டார்கள், என்னைக் கேட்பதற்கு அல்ல. அவர்கள் கேட்காமலே நான் பேசினேன்.

"இவ ஸ்கூல்ல விழுந்தா, அதனால பொழச்சா. வீட்டுல தனியா ரூமைச் சாத்திக்கிட்டுப் படிக்கும்போது விழுந்தா யாரு பாப்பாங்க?" என்றேன். எச்.எம். ஜன்னலைப் பார்த்தார். அம்மா பக்கம் திரும்பினேன். "மறைச்சு மறைச்சுக் கல்யாணமும் பண்ணி அனுப்பிடலாம்மா. போற வீட்டுல யாருக்கும் தெரியாது. அங்க இவளுக்காக யாரு டப்பா வச்சிருப்பாங்க?"

அந்த அம்மாள் என்னை அடித்துவிடுவார் என்றுதான் நினைத்தேன். அவர் புடவைத் தலைப்பால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, அவ வரட்டும் என்றார், அவ்வளவுதான். அந்த ஒரு வார்த்தைக்கு அவர் எவ்வளவு தைரியத்தைத் திரட்டியிருப்பார் என்று இன்றைக்கும் நினைத்துக்கொள்கிறேன்.

வேதா வந்தாள். ஆனால் வகுப்பில் யார் என்ன கேட்டாலும் தலையைக் குனிந்துகொண்டாள். நானே வகுப்புக்குப் போய்ச் சொல்லட்டுமா என்று அவளைக் கேட்டேன். "நீங்களே சொல்லிடுங்க சிஸ்டர், என்னால முடியாது" என்றாள். போய்ச் சொன்னேன். அவள் ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டிருந்தாள். அதற்கப்புறம் டப்பா நிரம்பி வழிந்தது, பிறந்தநாள் இல்லாதவர்களும் கொண்டுவந்து போட்டார்கள். கணக்கு டீச்சர் ஒரு பெரிய குளுக்கோஸ் பாக்கெட்டைக் கொண்டுவந்து வைத்துவிட்டுப் போனார். மிட்டாய் சிஸ்டர் என்று அப்புறம் யாரும் சிரிக்கவில்லை.

பப்ளிக் எக்ஸாம் வந்தது. எங்கள் பள்ளியேதான் சென்டர், ஆனால் கண்காணிக்க வருகிறவர்கள் வெளிப்பள்ளி ஆட்கள். வேதா மிட்டாய் வைத்துக்கொள்ள முன்கூட்டியே அனுமதி கேட்டு எழுதியிருந்தோம். மேலேயிருந்து பதில் வரவில்லை. தமிழும் இங்கிலீஷும் ஒரு குறையும் இல்லாமல் முடிந்தன. கணக்குப் பரீட்சையன்று புதிதாக ஒரு தலைமைக் கண்காணிப்பாளர் வந்தார். இஸ்திரி கலையாத சட்டை, கண்டிப்பான ஆள். டப்பாவைப் பார்த்ததுமே தலையை ஆட்டிவிட்டார். ஹாலுக்குள் தின்பண்டம் கிடையாது, அனுமதிக் கடிதம் இருந்தால் காட்டுங்கள், இல்லை என்றால் இல்லை என்றார்.

நான் என் வித்தையை எடுத்தேன். அப்படியே எழுதிக் கொடுத்துடுங்க சார் என்றேன். நான் சொன்ன அந்த மீதிப் பாதி இவர்தான். "தாராளமா" என்று பேனாவைத் திறந்தார். இத்தனை வருட சர்வீஸில் அந்த இடத்தில் அவ்வளவு வேகமாகப் பேனாவைத் திறந்தவர் அவர் ஒருவர்தான்.

அப்போது என் பின்னாலிருந்து எச்.எம். குரல் வந்தது. மெல்லிய குரல், நடுங்கிக்கொண்டுதான் வந்தது.

"சார், அதுலயே இன்னொரு வரி சேத்துக்குங்க. பொண்ணுக்கு ஏதாவது ஆனா நீங்களே பொறுப்புன்னு."

பேனா நின்றது. எச்.எம்.மைத் திரும்பிப் பார்த்தேன். அவர் என்னைப் பார்க்கவில்லை, மேஜை விளிம்பைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டிருந்தார். கண்காணிப்பாளர் பேனாவை மூடிவிட்டு ஒரு வழி சொன்னார். டப்பா ஹாலுக்கு வெளியே வராந்தாவில் என்னிடம் இருக்கலாம். ஆனால் நான் ஜன்னல் வழியாகக் கூப்பிடவோ சைகை செய்யவோ கூடாது, செய்தால் காப்பி அடிக்க உதவியதாக எழுதி அந்தப் பெண்ணின் பேப்பரையே நிறுத்திவிடுவார். வேண்டுமென்றால் அவளே எழுந்து, காரணத்தைச் சொல்லி, கேட்க வேண்டும்.

அவளே கேட்க வேண்டும். வாய் திறந்து அந்த வார்த்தையைச் சொல்வதற்குப் பதில் போலீசுக்குப் போகத் தயாராக இருந்தவள். சரி என்று ஒப்புக்கொண்டு, டப்பாவை மடியில் வைத்துக்கொண்டு வராந்தா ஸ்டூலில் உட்கார்ந்தேன். அவள் ஜன்னலிலிருந்து மூன்றாவது வரிசை.

முதல் பாதி ஒன்றுமில்லை, தலை நிமிராமல் எழுதிக்கொண்டிருந்தாள். அப்புறம் கழுத்தைத் துடைத்தாள். வெயில் காலம், எல்லோரும்தான் துடைத்தார்கள். கொஞ்ச நேரத்தில் மறுபடி துடைத்தாள். பேனாவைக் கீழே வைத்தாள், எடுத்தாள், எழுதவில்லை. விரல் நடுங்குவது எனக்கு வெளியிலிருந்தே தெரிந்தது. இன்னும் கொஞ்சம் விட்டால் சிரிப்பு வரும், அப்புறம் கேட்கிற நிலையே இருக்காது. கேளுடி, கேளுடி என்று என் மனசு அடித்துக்கொள்கிறது. கூப்பிட்டால் பேப்பர் போகும், கூப்பிடாவிட்டால் ஆள் போவாள். இன்னும் ஒரு நிமிஷம், அவள் கேட்கவில்லை என்றால் பேப்பர் போனாலும் போகட்டும் என்று உள்ளே நுழைந்துவிடுவது என முடிவு செய்து, டப்பாவைத் திறந்து வைத்துக்கொண்டு எழுந்து நின்றேன்.

உள்ளே வேதா எழுந்தாள். பெஞ்சைப் பிடித்துக்கொண்டுதான் நின்றாள். ஹாலில் இருந்தவர் ஒரு சின்னப் பையன் மாதிரி இருந்த வெளிப்பள்ளி வாத்தியார். அவருக்குக் காலையில் நடந்தது எதுவும் தெரியாது.

"சார், எனக்கு சுகர் இருக்கு. இப்ப இறங்குது. நான் மிட்டாய் சாப்பிடணும்."

அவர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். "முடியப் போவுதும்மா, கொஞ்ச நேரம்தான். உட்காரு."

சொன்னதைத் தட்டாத பிள்ளை. உட்கார்ந்துவிடுவாள் என்றுதான் நினைத்தேன். ஹால் முழுக்க அவளைத் திரும்பிப் பார்த்தது.

"உட்கார மாட்டேன் சார்" என்றாள்.

நான் அழுதுவிட்டேன். அழுதுகொண்டேதான், வராந்தாவுக்கு வந்தவளிடம் டப்பாவை நீட்டினேன். தலைமைக் கண்காணிப்பாளர் ஓடி வந்து, சும்மா சொல்லக் கூடாது, அவர் கடமையையும் செய்தார். ஒவ்வொரு மிட்டாயாகப் பிரித்து, தாளின் இரண்டு பக்கமும் பிட் எழுதியிருக்கிறதா என்று வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து, அப்புறம்தான் கொடுத்தார். அவர் பார்க்கிற வேகத்தைவிட அவள் மெல்லுகிற வேகம் அதிகம். பாதியில் அவரே அவசரப்பட்டுப் பிரிக்க ஆரம்பித்துவிட்டார். குளுக்கோஸ் தண்ணீரும் குடித்துவிட்டு, கை நடுக்கம் நின்றதும் உள்ளே போய் மீதிக் கணக்கைப் போட்டாள்.

பரீட்சை முடிந்து வெளியே வந்தோம். கேட்டில் ஒரே கூட்டம், பெற்றோர், ஆட்டோ, ஐஸ் வண்டி. கூட்டத்துக்கு அந்தப் பக்கம் அவள் அம்மா நின்றிருந்தார். சுற்றிலும் அவர்கள் வீதி ஆட்கள், அவரோடு கோயிலுக்குப் போகிறவர்கள், வரன் பேசுகிறவர்கள். மகளைப் பார்த்ததும் எல்லோருக்கும் மேலாகக் கையைத் தூக்கி, தொண்டை கிழியக் கத்தினார்.

"வேதா, சுகர் பாத்துண்டியாடி?"

"பாத்துண்டேம்மா" என்று இவளும் அதே சத்தத்தில் கத்தினாள்.

வேதாவுக்கு நான் அவ்வளவுதான் செய்தேன், மீதியை அவளே பார்த்துக்கொண்டாள். நான் ஓய்வு பெற்றுவிட்டேன், டப்பா இன்னும் அந்த சிக் ரூமில்தான் இருக்கிறது. உங்களில் யார் அந்தப் பள்ளிக்குப் போகிறீர்களோ தெரியாது. போனால் அதை அலமாரிக்குள் எடுத்து வைக்கச் சொல்வார்கள், எறும்பு வருகிறது, பார்க்க நன்றாக இல்லை என்பார்கள். வைக்காதீர்கள். மேஜைமேல் எல்லோர் கண்ணிலும் படும்படி இருக்கட்டும்.

பொறுமையைப் பற்றிப் பேச எனக்குக் கொடுத்த நேரம் முடிந்துவிட்டது. வெளியே டீ வந்திருக்கிறது, போய்க் குடியுங்கள். உங்களில் யாருக்காவது சர்க்கரை போடக் கூடாது என்றால் டீ ஊற்றுகிறவரிடம் சொல்லிவிடுங்கள், சத்தமாகவே சொல்லுங்கள்.